புளி கேட்கலாம், பயத்தைச் சொல்லக் கூடாது

பழவேற்காடு ஏரியோரக் குப்பம் ஒன்றில் என் பெரியம்மா மகளுக்கு வளைகாப்பு. பத்து வருஷம் இருக்கும். பந்தலுக்குப் பின்னால் வலை காய்ந்துகொண்டிருந்தது. சந்தனம், கண்ணாடி வளையல், ஐந்து வகைச் சாதம், எல்லாம் முறைப்படி. வந்த பெண்கள் அத்தனை பேரும் கன்னத்தில் சந்தனம் பூசிவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "வாய்க்கு இன்னா கேக்குது கண்ணு?" அக்கா ஆளுக்கொரு பதில் வைத்திருந்தாள். ஒருத்தருக்கு மாங்காய், ஒருத்தருக்கு நெத்திலிக் கருவாடு, இன்னொருத்தருக்குப் புளி. எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் வளையல் கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்குடி" என்றாள். அதற்கு முந்தைய வருஷம் ஒரு கரு கலைந்திருந்தது. மாமா அன்று விடியற்காலை கடலுக்குப் போனவர், காற்று மாறியும் திரும்பியிருக்கவில்லை. அவள் சொன்னது அவள் மாமியார் காதில் விழுந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. தலையைத் தடவிக்கொடுத்துதான் சொன்னார்: "வாயைக் கழுவு. வயித்துல புள்ளய வெச்சிக்கினு இன்னா பேச்சு இது? மனச சந்தோசமா வெச்சிக்கணும்."

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றியது. அன்பாகச் சொல்லப்படும் ஒரு கட்டளை அது. அது எங்கிருந்து வருகிறது, நம் இலக்கியம் அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறது என்று பார்க்க விரும்புகிறேன்.

வாயும் வயிறும்

முதலில் சொற்களைப் பார்ப்போம். கர்ப்பத்துக்குத் தமிழில் சொல் பஞ்சமே கிடையாது. சூல், சினை, மசக்கை, வயா, நிறைமாதம், பிள்ளைத்தாய்ச்சி. பேச்சில் மாசமா இருக்கா, முழுகாம இருக்கா, வாயும் வயிறுமா இருக்கா. கடைசிச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திக் கவனியுங்கள். வாயும் வயிறுமாக இருக்கிறாள். எதையாவது கேட்கும் வாய், பிள்ளையைத் தாங்கும் வயிறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மனசு அந்தச் சொற்றொடரில் இல்லை.

ஆசைக்கு மட்டும் தனிச் சொல் இருக்கிறது: மசக்கை. மசக்கைக்காரி எதையும் கேட்கலாம். நடுராத்திரியில் நாவல்பழம் கேட்டாலும் ஊர் கோபித்துக்கொள்ளாது, தேடிக் கொண்டுவரும். கர்ப்பிணிக்கு நம் சமூகம் கொடுத்திருக்கிற ஒரே பேச்சுரிமை என்றுகூட இதைச் சொல்லலாம். அதனால்தானோ என்னவோ, பல பெண்கள் தங்களுக்கு வேண்டிய மற்றதையெல்லாம் அந்த ஒரே வாசல் வழியாகக் கேட்கிறார்கள். "அம்மா கையால வெச்ச மீன்கொழம்பு வேணும்" என்று ஏழாம் மாசத்தில் ஒருத்தி அடம்பிடித்தால், அவள் கேட்பது குழம்பையா அம்மாவையா? கேட்கிறவருக்கும் தெரியும், ஆனால் குழம்பு என்று சொன்னால்தான் கிடைக்கும்.

பயத்துக்கு அப்படி ஒரு சொல் இல்லை. இருப்பதெல்லாம் திருஷ்டி, காத்து கருப்பு, பயந்த கோளாறு. மூன்றும் பயத்தை வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பொருளாகப் பார்ப்பவை. சுற்றிப்போட்டால், மந்திரித்தால் போய்விடும். உள்ளேயிருந்து வருகிற பயத்தை, காரணத்தோடு வருகிற பயத்தை, அவை எட்டுவதில்லை.

மேகம், மண், சுறாக்கொம்பு

சங்கப் பாடல்களில் கர்ப்பிணி இருக்கிறாள். எனக்கு உடனே நினைவுக்கு வருபவை மூன்று இடங்கள்.

குறுங்கோழியூர் கிழார் பாடிய புறநானூற்று 20ஆம் பாட்டு சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் புகழ்கிறது. அவன் நாட்டு மண்ணைக் கர்ப்பிணிகள் ஆசைப்பட்டு உண்டால் உண்டு, பகைவரால் அதைத் தொடக்கூட முடியாது என்பது கருத்து. மண் தின்னும் மசக்கை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே பதிவாகியிருக்கிறது என்று நாம் பெருமைப்படுகிறோம், சரி. ஆனால் அந்தப் பெண் அங்கே வந்திருப்பது அரசனின் எல்லைக் காவலுக்குச் சாட்சி சொல்ல. அவள் ஏன் மண்ணைத் தின்கிறாள் என்பது பாட்டின் கவலை இல்லை.

இரண்டாவது பட்டினப்பாலை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவரைக் காட்டும்போது, அவர்கள் சினைச் சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வத்தை ஏற்றி வழிபடுவதைச் சொல்கிறார். ஆயிரக்கணக்கான மீனைப் பார்த்த கைகள் ஒரு சினை மீனின் கொம்பைத்தான் தெய்வம் இறங்கும் இடமாகத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. சூலுக்கு அத்தனை ஆற்றல் இருப்பதாக நம்பிய சமூகம் அது. வணங்கப்படுவதும் கேட்கப்படுவதும் ஒன்றல்ல என்பதையும் அந்தக் கொம்பே காட்டிவிடுகிறது. உயிர் போன பிறகுதானே அதை நடமுடியும்?

மூன்றாவது குறுந்தொகை 287. கச்சிப்பேட்டு நன்னாகையார் எழுதியது. தலைவனின் பிரிவில் வாடும் தலைவிக்குத் தோழி மழைமேகத்தைக் காட்டி ஆறுதல் சொல்கிறாள். நீர் நிறைந்து மேலே ஏற முடியாமல் திணறும் மேகத்துக்கு உவமையாக வருகிறவர்கள் முதற்சூல் கொண்ட பெண்கள். பச்சைப்புளிக்கு ஆசைப்படுகிறார்கள், நிறைவைத் தாங்கித் தளர்ந்திருக்கிறார்கள், நடக்க முடியவில்லை. இங்கேயும் கர்ப்பிணி உவமைதான், பேசுகிறவள் வேறு. ஆனாலும் இந்தப் பாட்டை மற்ற இரண்டோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் ஒரு கணக்கு. ஊரெல்லாம் பத்து மாதம் என்று சொல்லும் இடத்தில் நன்னாகையார் பன்னிரண்டு மாதம் என்கிறார். நான் இதை இப்படி வாசிக்கிறேன்: கடைசி நாட்கள் நகராது என்று தெரிந்த ஒருவர் எழுதிய எண் அது. காலண்டரில் பத்து, சுமப்பவளுக்குப் பன்னிரண்டு. புளி என்ற அனுமதிக்கப்பட்ட ஆசைக்குப் பக்கத்திலேயே சோர்வையும் வைத்துவிட்டார். நம் மரபில் கர்ப்பத்தின் மனநிலையை உள்ளேயிருந்து தொட்ட இடம் ஒன்று சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று. நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல். கடற்கரை என்றால் அங்கே ஒருத்தி வருந்தலாம், புலம்பலாம், அது இலக்கணம் கொடுத்த உரிமை. அந்த உரிமை தலைவனைப் பிரிந்தவளுக்குக் கிடைத்தது. வயிற்றில் பிள்ளையோடு அதே கரையில் அதே கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவளிடம் வந்தபோது மட்டும் "வாயைக் கழுவு" ஆகிவிட்டது.

கரையில் நிற்பவளின் மனசு

ஏன் அப்படி ஆனது என்பதற்கு ஒரு விடை மலையாளத்திலிருந்து வந்தது. தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' 1956இல் வெளியானது. சுந்தர ராமசாமி அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். கரையில் இருக்கும் மனைவி நெறி தவறாமல் இருந்தால்தான் கடலுக்குப் போன கணவன் உயிரோடு திரும்புவான் என்ற நம்பிக்கை நாவலின் முதுகெலும்பு. கறுத்தம்மாவைப் பற்றிய ஊர்ப்பேச்சால் பழனியைத் தங்களோடு கடலுக்குக் கூட்டிக்கொள்ளவே மற்றவர்கள் தயங்குகிறார்கள். அவள் தாயை இழக்கிறாள். ஒரு பெண்குழந்தைக்குத் தாயாகிறாள்.

நாம் இந்த நாவலைக் காதல் கதையாக, கற்பு பற்றிய கதையாக வாசித்துப் பழகிவிட்டோம். ஒருமுறை கறுத்தம்மாவின் மனநலத்தை மட்டும் பின்தொடர்ந்து வாசித்துப் பாருங்கள். தான் நினைக்கும் நினைப்பே ஒரு மனிதனைக் கடலில் கொன்றுவிடும் என்று நம்ப வைக்கப்பட்ட பெண் அவள். அவளுக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தால் அதை யாரிடம் சொல்வாள்? சொன்னாலே அது குற்ற ஒப்புதல். தகழியின் கவனம் அவள் நெறியின் மேல் இருக்கிறது, பிள்ளையைச் சுமந்த மாதங்களில் அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்பதன் மேல் இல்லை. நாவலின் மேல் எனக்குள்ள குறை இது ஒன்றுதான். ஆனால் பெரிய குறை.

இதன் இன்னொரு வடிவம் நம் தெருக்கூத்திலும் கதை சொல்லலிலும் இருக்கிறது. சுபத்திரையின் வயிற்றில் இருந்தபடியே அபிமன்யு சக்கரவியூகத்துக்குள் நுழையும் வழியைக் கேட்டான். வெளியேறும் வழியைச் சொல்வதற்குள் அவள் தூங்கிவிட்டாள். குழந்தையிடம் பேசுங்கள், நல்லதைக் கேளுங்கள் என்று கர்ப்பிணிகளுக்கு அறிவுரை சொல்கிற எல்லோரும் இந்தக் கதையைச் சொல்வார்கள். கதையின் அடியில் இருக்கிற தீர்ப்பு என்ன? ஒரு கர்ப்பிணி அசந்து தூங்கினாள், அதனால் பிள்ளை போர்க்களத்தில் செத்தான். கடலுக்குப் போன கணவன், வயிற்றில் இருக்கும் மகன், இருவர் உயிரும் அவள் மனசுக்குள் வைத்துப் பூட்டப்பட்டிருக்கிறது. இப்படிப் பூட்டிவிட்டு "சந்தோஷமா இரு" என்றால் அவள் சிரிக்கத்தான் செய்வாள். வளைகாப்பில் அக்கா சிரித்த மாதிரி.

பாடு

பழவேற்காட்டைப் பற்றி இணையத்தில் எழுதப்படுவதில் பெரும்பகுதி பூநாரை, படகுச் சவாரி, டச்சுக் கல்லறை. 1613இல் எழும்பிய கெல்டிரியா கோட்டைக்குக் கிடைக்கிற பத்திகளில் பாதிகூட அங்கே இப்போது வாழ்கிறவர்களுக்குக் கிடைப்பதில்லை. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலுமாகப் பரந்து கிடக்கிறது. முகத்துவாரம் மணல் மேவி அடைபட்டால் கடலிலிருந்து மீனும் இறாலும் ஏரிக்குள் வருவது குறையும். தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள். வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கட்டுப்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பிரசவத் தேதியை டாக்டர் குறித்துக்கொடுத்தால், குப்பத்தில் அதை இந்தத் தேதிகளோடு சேர்த்துத்தான் எண்ணுவார்கள். கையில் காசு இருக்கும் மாசமா, இல்லாத மாசமா?

இந்த ஏரியில் பாடு என்றொரு முறை உண்டு. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு. இயற்கை வளத்தைச் சமூகமே ஆள்வதற்கு உதாரணமாக ஆய்வாளர்கள் இதைச் சொல்வதுண்டு. குறிப்பிட்ட மீனவ ஊர்களின் ஆண்கள் வழியாக வரும் உரிமை அது. தமிழில் பாடு என்றால் முறை, வருமானம், உழைப்பு, துன்பம் எல்லாம்தான். "இன்னிக்குப் பாடு எப்படி?" என்று ஆணிடம் கேட்டால் மீனைப் பற்றிய கேள்வி. "என் பாடு எனக்குத்தான் தெரியும்" என்று பெண் சொன்னால் அது பேச்சை முடித்துக்கொள்ளும் வாக்கியம். ஆணின் பாட்டுக்கு முறை இருக்கிறது, கணக்கு இருக்கிறது, ஊர்க்கூட்டம் இருக்கிறது. பெண்ணின் பாட்டைக் கேட்க ஒரு நாள் முறைவைத்திருக்கிறோமா?

அந்த முறைக்கும் வெளியே நிற்பவர்கள் இருளர்கள். கொசஸ்தலை ஆற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் புகைப்படக் கலைஞர் எம். பழனிகுமார் தொடர்ந்து ஆவணப்படுத்தியிருக்கிறார். இரண்டு கையும் நீருக்கடியில் இறாலைத் தேட, பிடித்ததைப் போடும் ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் படங்களை உழைப்பின் அழகு என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அவற்றில் தெரிவது வேறு. வாயில் கூடை இருக்கும்வரை பேச முடியாது. பிழைப்புக்கு வாயையும் கொடுத்துவிட்ட ஒருத்தியிடம் "மனசு விட்டுப் பேசும்மா" என்று சொல்வதற்கு முன்னால், அந்தக் கூடையை யார் வாங்கி வைத்துக்கொள்வது என்று யோசிக்க வேண்டும்.

பத்துக் கேள்விகள்

ஒரு மருத்துவப் படிவத்தை இலக்கியப் பிரதியாக வாசிக்கலாமா? வாசித்துப் பார்த்தேன். ஜான் காக்ஸும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1987இல் வெளியிட்ட எடின்பரோ அளவுகோல் அது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உருவானது, இன்று கர்ப்பகாலத்திலும் பயன்படுகிறது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்துக் கேள்விகள். சிரிக்க முடிந்ததா, வரப்போவதை ஆசையாக எதிர்பார்க்க முடிந்ததா, காரணமில்லாமல் உன்னையே குறை சொல்லிக்கொண்டாயா, காரணமில்லாமல் பயந்தாயா, தூக்கம் கெட்டதா, அழுதாயா. பத்தாவது கேள்வி, உன்னையே வதைத்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா.

வேலூரில் இதன் தமிழ் வடிவத்தைப் பரிசோதித்துச் சரிபார்த்து 2005இல் வெளியிட்டிருக்கிறார்கள். மதிக்க வேண்டிய வேலை. ஆனால் விமர்சகராக எனக்குச் சில சந்தேகங்கள். "காரணமில்லாமல் பயந்தாயா" என்று ஒரு குப்பத்துப் பெண்ணிடம் கேட்டால், காற்று மாறிய ராத்திரி எந்தப் பக்கம் போகும்? காரணம் இருக்கிறதே. அப்போது அவள் "இல்லை" என்பாள், மதிப்பெண் குறையும், பயம் அப்படியே இருக்கும். "எதிர்காலத்தை எதிர்பார்த்தாயா" என்றால், நாளைய பாட்டையே நிச்சயமாகச் சொல்ல முடியாத வீட்டில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்?

இருந்தாலும் நான் அந்தப் படிவத்தின் பக்கம்தான். முந்தைய எல்லாப் பிரதிகளிலும் கர்ப்பிணி எதற்காகவோ வந்து நிற்கிறாள். இதில்தான் அவள் தன்மையில் பேசுகிறாள். வாய்க்கு என்ன கேட்கிறது என்று ஒரு கேள்விகூட இதில் கிடையாது. பத்தாவது கேள்வியை எந்த வளைகாப்பிலும் யாரும் கேட்டதில்லை.

வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 2002இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வந்தது. கடைசி மூன்று மாதத்தில் இருந்த 359 பெண்களோடு தொடங்கியது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் 11 சதவீதம். ஆபத்தைக் கூட்டியவை எவை என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள்: குறைந்த வருமானம், மகன் வேண்டும் என்றிருந்த இடத்தில் மகள் பிறப்பது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவில் சிக்கல், கர்ப்பகாலத்தில் நேர்ந்த துயர நிகழ்வுகள், ஒத்தாசைக்கு ஆள் இல்லாமை. இந்தப் பட்டியலை ஒரு நாவலின் கதைச்சுருக்கம் என்று சொல்லி யாரிடமாவது கொடுத்தால் நம்பிவிடுவார்கள். அந்த நாவலைத்தான் நாம் போதுமான அளவு எழுதவில்லை. பிள்ளை இல்லாதவளின் வலியைப் பேச நமக்குப் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' இருக்கிறது. பொன்னாவின் வேதனை வாசகனுக்குப் புரிகிறது. பிள்ளையைச் சுமக்கிறவளின் வேதனைக்கு வந்தால், "அதான் எல்லாம் கெடச்சிடுச்சே, இன்னும் என்ன?" என்று வாசகனே கேட்டுவிடுவான். பேறு கிடைத்தவளுக்குப் பாடு இருக்கக் கூடாது என்பது நம் வாசிப்பிலும் ஊறிக் கிடக்கிறது.

அமெரிக்கரான சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1892இல் ஒரு சிறுகதை வெளியிட்டார், மஞ்சள் சுவர்த்தாள் பற்றியது. பிள்ளை பெற்ற பெண்ணை மருத்துவரான கணவன் அன்போடு ஓர் அறையில் ஓய்வெடுக்க வைக்கிறான். எழுதக் கூடாது, யோசிக்கக் கூடாது, உனக்கு ஒன்றுமில்லை. கடைசியில் சுவர்த்தாளுக்குள் ஒரு பெண் ஊர்ந்துகொண்டிருப்பதை அவள் பார்க்கிறாள். அந்தக் கணவனையும் அக்காவின் மாமியாரையும் பக்கத்தில் வைத்தால், இருவரும் நல்லவர்கள். இருவரும் அவள் சொல்ல வந்ததைத் தடுத்ததும் அன்பினால்தான்.

அப்புறம்

அக்காவுக்குப் பெண் பிறந்தது. மாமா அந்த வளைகாப்பு ராத்திரியே பத்திரமாகத் திரும்பியிருந்தார். ஆனால் பிரசவத்துக்குப் பிறகு மூன்று மாசம் அவள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை, குழந்தையின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. காத்து என்றார்கள், தாயத்து கட்டினார்கள். நான் அப்போது சென்னையில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். வாரம் ஒருமுறை போன் செய்வேன். என்ன கேட்டேன் தெரியுமா? "சாப்ட்டியா? என்ன சாப்ட்ட?" குறுந்தொகையை வரிவரியாகப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்த எனக்கும் வேறு கேள்வி தெரிந்திருக்கவில்லை.

போன வருஷம் இந்தக் கட்டுரைக்காக அவளிடம் கேட்டேன், எது உன்னைத் தூக்கிவிட்டது என்று. கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவரைச் சொன்னாள். தடுப்பூசிக்கு வந்தவர் குழந்தையை எடை போட்டுவிட்டு இவளைப் பார்த்து, "ராத்திரி தூங்குறியாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "அழுதுட்டேன்டி. அவங்க எழுந்து போவல. அப்புறம்னாங்க. சொன்னேன். அப்புறம்னாங்க. அவ்ளோதான்." பிறகு அவர் மாமியாரையும் உட்கார வைத்துப் பேசி, பொன்னேரிக்கு மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறார். மாமியார்தான் பஸ்ஸில் கூடப் போனாராம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, போகிற வழியில், தன் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தனக்கும் இப்படி இருந்ததை முதல்முறையாகச் சொன்னாராம்.

உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு: கர்ப்பிணிகளில் சுமார் 10 சதவீதமும், பிள்ளை பெற்றவர்களில் 13 சதவீதமும் ஏதோ ஒரு மனநலச் சிக்கலைச் சந்திக்கிறார்கள்; வளரும் நாடுகளில் இன்னும் அதிகம். உங்கள் வீட்டு வளைகாப்புகளை எண்ணிப் பாருங்கள், அந்தப் பத்தில் ஒருத்தி யார் என்று தோன்றும். தூக்கமின்மையும் அழுகையும் வெறுமையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மசக்கையும் இல்லை, காத்தும் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். சாக நினைப்பது போன்ற பேச்சு வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கவே கூடாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவிலும் ஆள் இருப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. இலக்கியக் கட்டுரையில் போன் நம்பரா என்று யாராவது கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன்.

நம் எழுத்தாளர்களிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. நெய்தலைக் கறுப்பு வெள்ளைப் படமாகவும் உவமையாகவும் நிறையப் பார்த்துவிட்டோம். நன்னாகையாரின் அந்தப் பன்னிரண்டு மாதத்தை யாராவது பன்னிரண்டு அத்தியாயமாக எழுதுங்கள். பேசுகிறவள் கர்ப்பிணியாக இருக்கட்டும். அவள் "பயமா இருக்கு" என்று சொல்கிற இடத்தில் எந்தப் பாத்திரமும் குறுக்கே வந்து வாயைக் கழுவச் சொல்லாமல் இருக்கட்டும். பக்கத்தில் யாராவது உட்கார்ந்து, "அப்புறம்?" என்று கேட்டால் போதும்.